புது வீட்டுக்கு எத்தனை அறை?

வீடு கட்டப் போகிறோம் என்று யாராவது சொன்னால் நாம் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை அறை?" என்பதுதான். இரண்டு என்றால் குறைவாகவும் நான்கு என்றால் நிறைவாகவும் நமக்குத் தோன்றுகிறது. அந்த அறைக்குள் யார் படுப்பார்கள், கட்டில் எந்தச் சுவரோடு நிற்கும், அலுமாரிக் கதவு முழுதாகத் திறக்குமா என்று நாம் கேட்பதில்லை. கேட்காமல் விட்ட கேள்விகளுக்குச் சுவர் எழும்பிய பிறகுதான் பதில் கிடைக்கிறது. அப்போது திருத்துவதற்குக் கையில் காசு இருப்பதில்லை.

அண்மையில் மானிப்பாய்க்குப் போயிருந்தேன். என்னோடு ஒரே வகுப்பில் படித்த சிநேகிதி ஒருத்தி அங்கே பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்ட ஆயத்தமாக இருந்தாள். காணி இரண்டு பரப்பு. தாயின் காணி சகோதரிகள் மூவருக்குப் பிரிந்ததில் அவள் பங்குக்கு வந்தது. எல்லையில் ஒரு பங்குக் கிணறு. வீட்டில் அவள், மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள், எண்பத்து நான்கு வயதான தாய். கனடாவிலிருக்கும் மகன் ஒரு வரைபடம் அனுப்பியிருந்தான். மேல்மாடியோடு நான்கு படுக்கையறை, ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறை, பெரிய மண்டபம்.

"வடிவாய்த்தான் இருக்கு. ஆனா அம்மா எங்க படுக்கிறது எண்டு எனக்கு விளங்கேல்லை," என்றாள் சிநேகிதி.

அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் அன்றைய எங்கள் பேச்சு முழுவதும் தொடங்கியது. எங்களுக்குப் பயன்பட்டது, வீடு கட்ட எண்ணியிருக்கும் ஏனைய குடும்பங்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் அதை இங்கே எழுதுகிறேன்.

ஒரே திகதி

வீடு என்பது எங்கள் இருவருக்கும் சாதாரண விடயமல்ல. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் கதவைச் சாத்திவிட்டுப் புறப்பட்டோம். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் மழையில் இடம்பெயர்ந்தது. அன்றைக்கு அவளும் மானிப்பாய் வீட்டின் கதவைச் சாத்திவிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தாள். அவள் சில மாதங்களில் திரும்பினாள். எங்களில் பலருக்குப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலே நீண்டகால வீடாயிற்று.

ஒருமுறை வீட்டை இழந்தவர்களுக்கு இரண்டாவது வீட்டில் இரண்டு விதமான ஆசை வரும். இழந்ததையெல்லாம் சேர்த்துப் பெரிதாகக் கட்ட வேண்டும் என்பது ஒன்று. எப்படியாவது ஒரு கூரை எழும்பினால் போதும் என்பது மற்றது. இரண்டுமே அளவு தவற வைக்கும்.

போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் இதை நாம் கண்டோம். 2010இல் இந்தியா அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்தில் பெரும்பாலான வீடுகளைப் பயனாளிகளே முன்னின்று கட்டினார்கள். ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணை தவணையாகக் கொடுக்கப்பட்டது. வீட்டின் அளவு ஏறக்குறைய 550 சதுர அடி. அந்த அளவுக்குள் நின்று முடித்தவர்கள் குடிபுகுந்தார்கள். அத்திவாரத்தை அகலப்படுத்திவிட்டுக் கூரைக்குக் கடன் தேடியவர்களும், நகையை அடகு வைத்தவர்களும் உண்டு. பெரிய அத்திவாரமும் பூசாத சுவரும் யன்னலுக்குச் சாக்குத் திரையுமாக ஆண்டுக்கணக்கில் இருந்த வீடுகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். குறை பணத்தில் மட்டும் இருக்கவில்லை. கையிலிருந்த பணத்துக்கு ஏற்ற அளவை முதலில் தீர்மானிக்காததும் ஒரு குறையே.

பழைய வீடு சொல்லும் பாடம்

யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை, ஓரமாக ஓரிரண்டு சிறு அறைகள், பின்னால் தனியாகக் குசினி. தெருவாசலில் வழிப்போக்கர் இருந்து இளைப்பாறச் சங்கடப்படலை. அந்த வீட்டில் அறைகள் குறைவு. பெட்டகம் வைக்கவும், நெல்லு மூட்டை வைக்கவும், பிள்ளை பெற்றவள் படுக்கவுமே அறை. மற்றபடி வாழ்ந்ததெல்லாம் விறாந்தையில். காற்று அங்கேதான் வந்தது. வந்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

இன்றைக்கு நாற்சார் வீடு கட்ட எல்லோருக்கும் காணி போதாது. பாதுகாப்பும் தனிமையும் வேறு விதமாகத் தேவைப்படுகின்றன. ஆனாலும் அந்த வீட்டின் கணக்கு இன்றும் பொருந்தும். முதலில் வீட்டார் நாள் முழுதும் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த இடத்தைப் பெரிதாக்கினார்கள். இரவில் மட்டும் புழங்கும் இடத்தைச் சிறிதாக்கினார்கள். மகனின் வரைபடத்தில் நான்கு படுக்கையறைக்கும் இடம் இருந்தது. விறாந்தைக்கு மட்டும் நான்கடிதான்.

கட்டிலிலிருந்து தொடங்குங்கள்

சிநேகிதியின் மகள் சாம்பலை எடுத்து வந்து முற்றத்தில் கோடு போட்டாள். பத்தடிக்குப் பத்தடி. "இதுதான் அன்ரி, படுக்கையறை." பழைய கட்டிலைத் தூக்கி வந்து நடுவில் வைத்தோம். அப்போதுதான் உண்மை விளங்கியது.

இருவர் படுக்கும் கட்டில் ஏறக்குறைய 6¼ அடி நீளம், 5 அடி அகலம். இரு பக்கமும் நடக்க இரண்டரை அடி விட்டால் பத்தடி அகலம் சரியாகிவிடும். ஆனால் நீளவாட்டில் கட்டில் 6¼ அடி, கால்மாட்டுச் சுவரோடு அலுமாரி 2 அடி. மிச்சம் ஒன்றேமுக்கால் அடிதான். அலுமாரிக் கதவைத் திறந்தால் ஆள் நிற்க இடமில்லை. அறையின் நீளத்தை 12 அடியாக்கினால் மிச்சம் மூன்றே முக்கால் அடி. கதவும் திறக்கும், ஆளும் நிற்கலாம். 10க்கு 10 என்பதற்கும் 10க்கு 12 என்பதற்கும் வித்தியாசம் 20 சதுர அடி. அந்த 20 சதுர அடிதான் அறையை அறையாக்குகிறது. ஆனால் 14க்கு 14 ஆக்கினால் மேலதிகமாக வருவது கூட்டிப் பெருக்க வேண்டிய வெறும் நிலம்தான்.

இங்கே இன்னொரு விடயத்தைக் கவனியுங்கள். வரைபடத்தில் எழுதிய 10 அடி சுவரின் உள்ளளவா, வெளியளவா? ஆறங்குலச் சீமெந்துக் கல்லுக்கு இரு பக்கமும் பூச்சுப் பூசினால் சுவர் ஏறக்குறைய ஏழங்குலம். வெளியளவு பத்தடி என்றால் உள்ளே எஞ்சுவது 8 அடி 10 அங்குலம். கட்டில் போட்ட பிறகு அழாதிருக்க வேண்டுமானால், "நான் கேட்பது பூச்சுக்குப் பிந்திய உள்ளளவு" என்று படவரைஞரிடமும் மேசனிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஒரு சிறு வீட்டின் கணக்கு

இப்படி ஒவ்வோர் அறையையும் முற்றத்தில் போட்டுப் பார்த்ததில் எங்களுக்குக் கிடைத்த உள்ளளவுகள் இவை:

படுக்கையறை இரண்டு, ஒவ்வொன்றும் 10க்கு 12 – 240 சதுர அடி.
இருக்கையறை 12க்கு 16 – 192 சதுர அடி.
குசினி 8க்கு 10 – 80 சதுர அடி.
குளியலறையோடு மலசலகூடம் 5க்கு 8 – 40 சதுர அடி.

ஆகமொத்தம் 552 சதுர அடி. சுவர்களையும் சேர்த்தால் 640ஐ எட்டும். இதற்கு முன்னால் எட்டடி அகலத்தில் ஒரு விறாந்தை. மகனின் வரைபடத்தில் இருந்ததில் மூன்றிலொரு பங்குதான் வந்தது. ஆனால் இதிலே ஆறு பேரும் படுக்கலாம், உண்ணலாம், வந்தவர்களை இருத்தலாம்.

குசினியின் எட்டடி எப்படி வந்தது? வேலை செய்யும் மேடை 2 அடி அகலம். எதிர்ப்பக்கத்தில் தட்டும் குளிர்சாதனப் பெட்டியும் வைக்க 2 அடி. நடுவில் தாயும் மகளும் ஒருவரையொருவர் இடிக்காமல் திரும்ப 4 அடி. குசினிக்கு வெளியே விறகடுப்புக்கு ஒரு சிறு கொட்டிலையும் மறக்காதீர்கள். 2022இல் காஸ் சிலிண்டருக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, விறகடுப்பை இடித்துவிட்ட வீடுகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. 2016இல் வடக்கு கிழக்கில் 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தித் தரும் திட்டம் பேசப்பட்டபோது எழுந்த எதிர்ப்புகள் வெப்பம், உறுதி, செலவு ஆகியவற்றைப் பற்றியவை மட்டுமல்ல. எங்கள் சமையல் முறைக்கு அந்த வீடு பொருந்துமா என்பதும் ஒரு கேள்வியாக இருந்தது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

கிணறும் குழியும்

அறை அளவு பிழைத்தால் வசதிக் குறைவு. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையிலான தூரம் பிழைத்தால் நோய். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மானிப்பாய்ப் பகுதியை ஒட்டி ஓடும் வழுக்கையாறும் மாரி காலத்தில் மட்டுமே ஓடும். நாம் குடிப்பது சுண்ணாம்புக்கல் பாறைக்குள் தேங்கிய மழைநீர். அந்தப் பாறையில் வெடிப்பும் துவாரமும் அதிகம். மண்ணில் மெல்ல வடிந்து சுத்தமாகும் வாய்ப்புக் குறைவு. மேலே கொட்டியது விரைவாகக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். தோட்டங்களுக்குப் போடும் உரத்தாலும் மலக்குழிகளாலும் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பது பல ஆண்டுகளாக அறியப்பட்ட விடயம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு.

கிணற்றுக்கும் குழிக்கும் ஆகக் குறைந்தது 50 அடி தூரம் வேண்டும் என்பார்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தில் அதற்கும் மேலே விடுவது நல்லது. குழியின் அடியும் பக்கமும் கசியாத தொட்டியாக இருப்பது இன்னும் நல்லது. இரண்டு பரப்பு என்பது 20 பேர்ச், அதாவது 5,445 சதுர அடி. சிநேகிதியின் காணி 55 அடி அகலம், 99 அடி நீளம். கிணறு பின்பக்கம் வடமேற்கில். மகனின் வரைபடத்திலோ குளியலறைகள் எல்லாம் பின்பக்கம். அப்படிக் கட்டினால் குழி கிணற்றிலிருந்து 25 அடியில் விழும். அது பங்குக் கிணறு வேறு. மூன்று குடும்பம் குடிக்கும் தண்ணீர்.

ஆகவே முதலில் குழிக்கு இடம் குறித்தோம், தென்கிழக்கு மூலையில். கிணற்றிலிருந்து 70 அடிக்கு மேல் வருகிறது. அயல் வீட்டுக் கிணறுகள் எங்கே இருக்கின்றன என்றும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தோம். குளியலறையின் இடத்தை அந்தக் குழிதான் தீர்மானித்தது. தெற்குப் பக்கம், இரண்டு படுக்கையறைக்கும் நடுவே. குசினி கிணற்றடிப் பக்கமாக வடமேற்குக்குப் போயிற்று. இந்த வரிசையில்தான் வீடு திட்டமிட வேண்டும்: கிணறு, குழி, குளியலறை, குசினி, அதன்பிறகுதான் மண்டபமும் அழகும்.

காற்றும் வெயிலும் தம் பங்குக்குச் சொல்வதைக் கேளுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தெற்கு யன்னல் இருந்தால் மின்விசிறி வேண்டியதில்லை. பின்னேர வெயில் மேற்குச் சுவரைச் சுடும். அந்தப் பக்கத்தில் கட்டில் வைக்காதீர்கள், முடிந்தால் ஒரு வேம்பை நடுங்கள். விறாந்தையைக் கிழக்கே வைத்தால் பின்னேரம் முழுக்க நிழல். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மழைச் சாரல் வாடைக் காற்றோடு வரும். அதற்குக் கூரையை நன்றாகத் தாழ இறக்க வேண்டும்.

அம்மாவின் படி

இனி அந்த முதற் கேள்வி. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையில் யாழ்ப்பாணம் வெள்ளக்காடானதை நினைத்து, நிலமட்டத்தை ஒன்றரை அடி உயர்த்த வேண்டும் என்றார் மேசன். அது சரியே. ஆனால் ஒன்றரை அடி என்பது மூன்று படி. எண்பத்து நான்கு வயதுக்காரிக்கு மூன்று படி ஒரு மலை.

சாய்தளம் அமைக்க ஒரு சுலபமான கணக்கு உண்டு. ஓரங்குலம் ஏற ஓரடி நீளம். 18 அங்குலம் ஏற 18 அடி வேண்டும். அதைவிடக் குறைத்தால் சக்கர நாற்காலி தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது வழுக்கும். எங்கள் வீட்டின் முன்பக்கம் 24 அடி. விறாந்தையை ஒட்டி 18 அடிச் சாய்தளம் தாராளமாக அடங்கியது. பின்னால் யோசித்திருந்தால் அடங்கியிராது.

அம்மாவுக்குத் தென்கிழக்கு அறை. அதிலிருந்து ஒரு கதவு நேரே விறாந்தைக்கு. மற்றக் கதவு குளியலறைப் பக்கம். கதவகலம் 3 அடி. குளியலறை வாசலில் கட்டு இல்லை. மலசலகூடத்துக்குப் பக்கச் சுவரில் பிடிக்க ஒரு கம்பி. இதற்கெல்லாம் மேலதிகச் செலவு மிகக் குறைவு. சுவர் எழும்பிய பின் இவற்றைச் செய்யப் போனால்தான் செலவு.

இது அம்மாவுக்காக மட்டுமல்ல. இன்று அவருக்கான அறை, நாளை சிநேகிதிக்கு, அதன்பிறகு மகளுக்கு. நடுவில் யாராவது பிள்ளை பெற்று வந்தாலும் அதே அறைதான். பழைய வீட்டிலும் அந்த ஒரு அறை இருந்ததல்லவா?

எமது வீடுகளுக்குச் சில வார்த்தை

எமது குடும்பங்கள் கட்டும் வீட்டில் மேலும் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கிப்லா நேர் மேற்கல்ல. மேற்கிலிருந்து ஏறக்குறைய 22 பாகை வடக்காக இருக்கிறது. மலசலகூடத்தின் இருக்கையை வடக்குத் தெற்காக வைக்கும்போது இதை மனதில் கொள்ளுங்கள். தொழுகைக்குத் தனி அறை கட்ட வசதியில்லை என்று வருந்த வேண்டாம். பத்தடி அகலமான அறையில் நான்கு பேர் தோளோடு தோள் சேர்ந்து நிற்கலாம். விறாந்தை ஓரத்தில் வுளூச் செய்ய ஒரு குழாயும், வழுக்காத தரையும் போதும்.

விருந்தினர் இருக்கும் இடத்தைக் கடக்காமல் பெண்கள் குசினிக்கும் குளியலறைக்கும் போய்வர வழியிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனையோ பெரிய வீடுகளில் இந்த வழி இல்லாமல், விருந்தினர் எழும்பும்வரை வீட்டுப் பெண்கள் அறைக்குள் அடைபட்டிருக்கிறார்கள். சிறிய வீட்டிலும் ஒரு கதவை இடம் மாற்றினால் இது சரியாகிவிடும்.

மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் எம்மிடத்திலும் உண்டு, அயலவரிடத்திலும் உண்டு. அந்த வீட்டை அவள் புழங்கப் போகிறாள். வரைபடம் போடும்போது மட்டும் அவளிடம் கேட்காமல் ஆண்கள் தீர்மானிப்பது என்ன நியாயம்? மானிப்பாயில் நான் கண்டதில் எனக்குப் பிடித்தது, சாம்பற் கோட்டை மகளே போட்டதுதான்.

வளரும் வீடு

"இரண்டு அறை இப்ப போதும். பிள்ளைகள் வளர்ந்தால்?" என்று மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்காக இப்போதே நான்கு அறை கட்ட வேண்டியதில்லை. நான்கு அறைக்கு இடம் விட்டு இரண்டைக் கட்டினால் போதும். பின்பக்கம் மூன்றாவது அறை வரப்போகும் சுவரில், நாளைக்குக் கதவு வைக்க வேண்டிய இடத்தில் இன்றைக்கு ஒரு யன்னலை வையுங்கள். அகலமும் மேல்மட்டமும் கதவுக்குரியதாக இருக்கட்டும். காசு வரும்போது யன்னலுக்குக் கீழே உள்ள சுவரை மட்டும் வெட்டினால் வாசல் தயார். மேலே மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் அதை முதலிலேயே சொல்லி அத்திவாரத்தையும் தூண்களையும் அதற்கேற்பப் போடச் சொல்லுங்கள். படிக்கட்டுக்கு இடமும் குறித்து வையுங்கள். இந்த எண்ணங்களையும் சேர்த்தே வரைபடத்தைப் பிரதேச சபையில் கொடுத்து அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

அன்று பின்னேரம் மகனுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னார்கள். முதலில் அவனுக்கு மனம் ஒப்பவில்லை. "நான் வந்தால் எங்க தங்கிறது?" என்று கேட்டான். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா தொலைபேசியை வாங்கிச் சொன்னார்: "நீ வரேக்க விறாந்தையில பாய் போடலாம் ராசா. நீ வராத நாளில அந்த நாலு அறையையும் ஆர் கூட்டுறது?"

அதற்குப் பிறகு அவன் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சப்படும் காசில் மழைநீர்த் தொட்டி ஒன்று கட்டச் சொன்னானாம்.

வீடு கட்ட எண்ணியிருக்கும் சகோதர சகோதரிகளே, படவரைஞரிடம் போகும் முன் ஒரு நாள் முற்றத்தில் சாம்பற் கோடு போட்டுப் பாருங்கள். கட்டிலை வைத்துப் பாருங்கள். வீட்டில் மிக வயதானவரையும் மிகச் சிறியவரையும் அந்தக் கோட்டுக்குள் நடக்க விட்டுப் பாருங்கள். கோடு பிழைத்தால் காலால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். சுவரை அப்படி அழிக்க முடியாது.